பஞ்சு சாய்த்த சுவரும் சிப்பி மாப்பிள்ளையும்

திருச்சுழி,
26-8-73, ஞாயிறு.

மரியாதைக்குரிய மச்சான் அருஞ்சுனை அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் நல்லமுத்து கொத்தனார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கூலி, மழை, என் வயிறு, மகள் சண்முகவடிவின் கல்யாணம் ஆகிய நான்கும் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். தூத்துக்குடியில் தங்கள் வீட்டிலாவது எல்லாரும் முழு நலமாக இருக்கட்டும்.

நேற்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அடுக்கிவைக்க நாங்கள் பதினொரு பேர் கிட்டங்கி கட்டுகிறோம் அல்லவா, தாங்கள் சிபாரிசு செய்த அதே காண்டிராக்டரிடம்தான். சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைக்காததால் சுண்ணாம்புக் காரையில் கட்டச் சொன்னார். காலையில் எழுப்பிய சுவர் மத்தியானம் வரை களி மாதிரி இருந்தது. கூரை போடும் முன்பே வியாபாரி ஒரு லாரி பஞ்சை அனுப்பிவிட்டார். லாரி பின்பக்கமாக வர, "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டியவர் காண்டிராக்டர். பின்னால் பிதுங்கி நின்ற பஞ்சுத் தாட்டு, அத்தனை பெரிய பொதி, போய்ச் சுவரில் முட்டியது. பஞ்சும் மெத்து, சுவரும் மெத்து. சத்தமே இல்லை மச்சான். கல்லும் கல்லும் மோதினால் சத்தமாவது வரும், மனிதன் சுதாரித்துக்கொள்வான். இதுவோ வயிறு தள்ளியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு முப்பதடி நீளமும் தலையணையில் தலை வைப்பதுபோலப் படுத்துக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை. காயமெல்லாம் கூலிக்குத்தான்.

சனிக்கிழமை கூலி நாள். நாளுக்கு ஏழு ரூபாய்க் கொத்தனாருக்கும் மூன்று ரூபாய்ச் சித்தாளுக்கும் இந்த வாரம் பாதிதான் என்றார் காண்டிராக்டர். "செவுரு ஈரமா இருந்தது ஒங்க குத்தம்." கருத்தம்மாள் என்று ஒரு சித்தாள், புருஷன் இல்லாதவள், தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். "பஞ்சு முட்டுனதுக்கு எங்க கஞ்சிய எதுக்குய்யா கொட்டுறீக? கையக் காட்டுனது நீங்கதான?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏன் நல்லமுத்து, நான் கை காட்டுனத நீ பாத்தியா?"

கல்யாணத்துக்கு முந்நூறு ரூபாய் முன்பணம் அவரிடம்தான் கேட்டு வைத்திருக்கிறேன். "செவுத்துக்கு நூல் புடிச்சுக்கிட்டு இருந்தேன், கவனிக்கலய்யா" என்றேன். கருத்தம்மாள் பாதிக் கூலியைத் தொடாமலே போய்விட்டாள். "திங்கக்கிழம அவள உள்ள விடாத" என்று உத்தரவும் எனக்கே.

அந்த முகத்தோடுதான் இன்று தாங்கள் பெண் பார்க்க அனுப்பிய மாப்பிள்ளை இன்பராஜை வரவேற்றேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுக்காக "என்ன வேல தம்பி?" என்று கேட்டேன். சர்க்கார் வேலை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"சிப்பி வளக்குற எடத்துல மாமா. சிப்பிகிட்ட இருந்து வித்தும் முட்டையும் எடுக்கணும்."

காபித் தம்ளரோடு வந்த தங்கள் தங்கை சந்தனம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் நிறுத்தவில்லை. "ஆணும் பொண்ணும் ஒண்ண ஒண்ணு தேடிப் போறதில்ல மாமா. இருந்த எடத்துல இருந்தே தண்ணில விட்டுரும். அங்கன முட்டிக்கிட்டு கருவாகும். கோடில ஒண்ணு ரெண்டு தேறும்." என் சித்தப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார். அவர் வீடு எதிர்த்த வீடு. இந்த லட்சணத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து சண்முகவடிவு கேட்கிறாள்: "எப்ப விடணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

"யாரும் சொல்ல வேண்டாம். ஒரு சிப்பி விட்டாப் போதும். தண்ணில அது கலந்த ஒடனே மத்ததெல்லாம் ஆரம்பிச்சுரும்."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று ஒருத்தி ஆரம்பித்தாள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இந்தச் சம்பந்தம் ஒத்துவராது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். காண்டிராக்டரிடம் நான் அடக்கமானவன் என்று எடுத்துச் சொல்லி, முன்பணத்துக்கு வழி செய்யவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். கொத்து வேலைக்கு மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ச. நல்லமுத்து

பி.கு.: திங்கள் மாலை. காலையில் தபாலில் போட எடுத்துப் போன கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. கருத்தம்மாள் வாசலில் நின்றாள். காண்டிராக்டர் வந்து, "என்ன, இவள இன்னும் வெரட்டலையா?" என்றார். "கை காட்டுனது நீங்கதாய்யா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு குரலில் அதையே சொன்னார்கள். மத்தியானமே வேறு ஊர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் பதினொரு பேருக்கும் வேலை இல்லை. பிடித்த பாதிக் கூலியும் இனி வராது. ஆகையால் காண்டிராக்டரிடம் என்னைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறுப்புச் சொல்ல வேண்டாம். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்கிறாள் சண்முகவடிவு. எதை வைத்துக் கட்டிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கருத்தம்மாள், "இதச் சனிக்கிழமையே சொல்லியிருந்தா என்னண்ணே?" என்று கேட்டாள். தாங்கள் நாலு எழுத்துப் படித்தவர். அவளுக்கு என்ன சொல்லலாம் என்று ஒரு கார்டு போடவும்.