கழுத்து வலியும் கத்தரிப்பூ கலரும்

இன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பெயின்டர் செல்வம் ஒன்பது மணிக்கு வருவார். வீட்டு முன் சுவருக்கு என்ன கலர் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

கலரைத் தேர்ந்தெடுப்பதுகூட என் பொறுப்பில்லை. அதை என் மனைவி சித்ரா செய்து முடித்துவிட்டாள். செல்வம் நேற்றே சுவரில் இரண்டு கலரைப் பட்டையாக அடித்துக் காட்டியிருந்தார். ஒன்று சந்தனம். இன்னொன்று கத்தரிப்பூ. கத்தரிப்பூ அவருடைய சொந்த ஆசை. பொன்மலையில் அவர் வீடே அந்தக் கலர்தானாம்.

காலை வெயிலில் இரண்டையும் பார்த்துவிட்டு, திருவெள்ளறையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது சித்ரா சொன்னாள்:

"சந்தனம். ஒரே வார்த்தை. சொல்லிடுவீங்கல்ல?"

"ஏன், ஃபோன்லயே சொல்லிடேன்."

"ஃபோன்ல சொன்னா அவர் பாட்டுக்கு எதையாவது புரிஞ்சுப்பார். நேர்ல சொல்லுங்க."

நேரில்! அதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

இந்த இடத்தில் என் கழுத்தை அறிமுகப்படுத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் கம்ப்யூட்டருக்குள் குனிந்து கிடந்துவிட்டு ஊர் திரும்பிய கழுத்து. மன்னார்புரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா என் ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். "தினமும் இருபது நிமிஷம். ஒரு நாள் விட்டாலும் அது முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடும், பாத்துக்குங்க" என்றார்.

நேற்றோடு இருபது நாள். வாழ்க்கையில் எதையும் நான் இருபது நாள் விடாமல் செய்ததில்லை. கல்யாணத்தைத் தவிர.

எட்டரை மணி. மாடி பால்கனி. ஃபோனைக் கண்ணுக்கு நேராக வைக்க வேண்டும் என்பதால் கைப்பிடிச் சுவரில் துளசித் தொட்டி, அதன்மேல் இரண்டு டிக்‌ஷனரி, அதன்மேல் ஃபோன். காதில், வெளிச் சத்தம் ஒரு துளிகூட வராத ஹெட்ஃபோன்.

ஆப்பில் ஒரு பெண் குரல். பாடப்புத்தகம் மாதிரி பேசும். "தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். பார்வை திரையிலேயே இருக்கட்டும். அற்புதம்!"

திருப்பினேன். அற்புதமாகத்தான் இருந்தது.

அப்போது கடைக்கண்ணில் ஏதோ அசைந்தது. கீழே தெருவில் செல்வம். அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். ரோலர் குச்சியை நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு ரங்கராஜன் மாமாவும் வாசலுக்கு வந்து என்னையே பார்த்தார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் உடற்பயிற்சி செய்வதை இரண்டு பேர் ரசிக்கிறார்கள்! வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமை. இன்னும் நன்றாகச் செய்தேன்.

"இப்போது காதைத் தோளை நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். புன்னகையுடன்."

புன்னகையுடன் சாய்த்தேன்.

இதே அசைவை வெளிநாட்டு ஆபீஸ் மீட்டிங்கில் செய்தபோதெல்லாம், "சரி என்கிறாயா, இல்லை என்கிறாயா?" என்று கேட்டுக் குழம்பினார்கள். அதற்காகவே அந்தப் பழக்கத்தைக் கஷ்டப்பட்டு விட்டேன். விட்டதில், நம் ஊரில் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்பதையும் சேர்த்து மறந்திருக்கிறேன்.

இரண்டாவது சுற்று. இடம், வலம். பிறகு சாய்த்தல். பிறகு மேலும் கீழும் பத்து தடவை. கடைசியாக, "பயிற்சி நிறைவு! கேமராவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள்!"

காட்டினேன். கீழே செல்வமும் கட்டைவிரலைக் காட்டினார். என்ன ஒரு நல்ல மனிதர்!

ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்குள் அவருடைய மொபெட் தெரு முனையைத் தாண்டிவிட்டது. டீ குடிக்கப் போகிறார், வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று பின்னறைக்குப் போய், கழுத்துக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்தேன். பத்து நிமிஷம்தான்.

எழுந்தபோது மணி பன்னிரண்டரை.

பெயின்ட் வாசனை. ஹால் ஜன்னலில் ஊதா வெளிச்சம். வாசலுக்கு ஓடினேன். சாரத்தின் மேல் செல்வமும் அவருடைய ஆளும் கடைசி மூலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். முன் சுவர் முழுக்கக் கத்தரிப்பூ!

"செல்வம்! என்ன இது?"

"ஃபர்ஸ்ட் கோட் சார். செகண்ட் கோட்ல இன்னும் தூக்கும் பாருங்க!"

"இன்னுமா? சந்தனம்தானே!"

செல்வம் இறங்கி வந்தார். முகம் சுருங்கிவிட்டது. "சார், பெல் அடிச்சேன், வரல. மேல உங்களைப் பாத்தேன். சந்தனத்தைத் தொட்டு 'இதா சார்?'னேன். இல்லவே இல்லைன்னு தலையாட்டினீங்க. கத்தரிப்பூவைத் தொட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னீங்க. மிக்ஸிங் பெயின்ட்டு, கலந்தப்புறம் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்களேன்னு ரெண்டாவது வாட்டியும் கேட்டேன் சார். அதே பதில்!"

"அது கழுத்துக்கு எக்சர்சைஸ்யா!"

"கட்டைவிரலுமா சார்?"

எதிர் வீட்டிலிருந்து மாமா சாட்சிக்கு வந்துவிட்டார். "அவனை ஏன் ஓய் கோச்சுக்கறீர்? நான்தான் பார்த்துண்டே இருந்தேனே. பச்சைக் குழந்தைக்குப் பொம்மை காட்டினாப்பல அப்படி ஒரு சந்தோஷம் உம்ம மூஞ்சியில! 'மறுபடி கேட்டு ஊர்ஜிதம் பண்ணிக்கோடா'ன்னு சொன்னதே நான்தான்."

"இது மேல இப்பவே சந்தனம் அடிக்க முடியுமா செல்வம்?"

"அடிச்சா சேத்துக் கலர்ல வரும் சார். முதல்ல ப்ரைமர் போட்டு வெள்ளையாக்கணும். எனக்கு நாளையிலேர்ந்து வேற சைட்டு. வர ஒரு வாரம் ஆயிடும்."

சித்ரா சாயங்காலம் வருகிறாள். நான்கு மணிக்கு ஃபோன்.

"டோல்கேட் வந்துட்டேன். சொல்லிட்டீங்கல்ல?"

"செல்வம் ஒரு கோட் முடிச்சுட்டார்மா."

பொய் இல்லை. கவனிக்கவும், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அரை மணி கழித்து மறுபடி ஃபோன். சிரிப்பு தாங்காமல் பேசினாள். "ஏங்க, ஆட்டோ நம்ம தெருவுல திரும்பிடுச்சு. இங்க யாரோ கத்தரிப்பூ கலர்ல வீட்டுக்கு அடிச்சிருக்காங்க! கண்ணு கூசுது. யாருங்க அந்தப் புத்திசாலி?"

நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கையை அசைத்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. சிரிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆப், ஹெட்ஃபோன், புன்னகை, கட்டைவிரல். சித்ரா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"இப்ப கழுத்து எப்படி இருக்கு?"

அக்கறை! கண் கலங்கிவிட்டது. "நல்லா குறைஞ்சிருக்கும்மா. எல்லாப் பக்கமும் திரும்புது."

"சந்தோஷம். அப்ப சாரத்தைப் பிரிக்க வேணாம்னு செல்வத்துக்கிட்ட சொல்லுங்க. ப்ரைமரை நீங்களே அடிச்சுடலாம்."

அண்ணாந்து பார்ப்பது ஒரு நாளைக்குப் பத்து தடவைக்கு மேல் கூடாது என்று ஆப் சொல்கிறது. சுவர் பதினெட்டு அடி.