வெள்ளைப் பூ வந்தால் லினக்ஸ்

"லினக்ஸா, விண்டோஸா? நீங்களே முடிவு பண்ணி எனக்குப் போன் பண்ணுங்க."

திங்கட்கிழமை காலை காமினி அனுப்பிய இந்த வரியை யுகேந்திரன் பதினேழாவது முறையாகப் படித்தான். பினாங்கில், பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் இரண்டாம் மாடியில் அவனுக்கு மேசை. ஜன்னலுக்கு வெளியே பட்டர்வொர்த் ஃபெரி மெல்ல வந்துகொண்டிருந்தது. எழுதவேண்டிய பட்டியல்கள் மேசையில் அப்படியே கிடந்தன. யுகேந்திரன் மனத்தளவில் ஃபெரியில் ஏறிப் பாதிக் கடல் போய்விட்டிருந்தான்.

விஷயம் இதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிற குழுவுக்கு அவன் செயலாளர். தொண்டர்கள் பெயர் பதிய ஒரு வெப்சைட் வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவாயிற்று. வெப்சைட்டைக் குடிவைக்க ஏதாவது ஒரு கம்பெனியின் கணினியில் இடம் பிடிக்கவேண்டும். கம்பெனியின் பாரத்தில் முதல் கேள்வியே, அந்த இடத்தில் எந்த இயங்குதளம் ஓடவேண்டும் என்பது. லினக்ஸா, விண்டோஸா? பாரத்தை அவன் கையில் கொடுத்தவள், அதே குழுவில் இருக்கும் காமினிதான்.

காமினிக்கு வீடு பினாங்கு ஸ்திரீட் பக்கம். வேலை பாயான் பாரு தொழிற்சாலையில். அங்கே முந்நூறு சர்வர் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவள். அவளிடம் போய் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதா? ஐந்து மாதமாக ஒருத்தியை நினைத்து உருகிக்கொண்டிருப்பவன், அவளிடம் தனியாகப் பேசும் முதல் பேச்சா அது? இது தனக்கு வைத்த பரீட்சை என்று யுகேந்திரன் தீர்மானித்தான். தேறினால் காமினி, தவறினால் ஆயுளுக்கும் மோர். சரியான விடை கிடைக்கும்வரை அவளுக்குப் போன் கிடையாது.

ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தயாளனிடம் போனான்.

"லினக்ஸ் போடுலா. செனாங், ரொம்ப ஈசி. தலைவலியே இல்ல. உலகத்துல பாதி வெப்சைட்டுக்கு மேல அதுலதான் ஓடுது."

"அப்ப விண்டோஸ் எதுக்கு?"

"விண்டோஸுக்குன்னே எழுதின வேலை இருந்தா அது. உங்களுக்கு மோர்தானே?"

யுகேந்திரன் பாரத்தில் லினக்ஸ் என்று குறித்து அனுப்பினான். தயாளனே உட்கார்ந்து, மயில் படம் போட்டு ஒரு பக்கமும் செய்து கொடுத்தான். போனை எடுத்துக் காமினியின் பெயரைத் தொடப்போன நேரத்தில், பாரத்தின் நகல் கிடைத்த குழுத் தலைவி குமுதா அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, என்னமோ லினக்ஸாமே. இருபது வருஷத் தொண்டர் பட்டியல் என் கம்ப்யூட்டர்ல விண்டோஸ்ல இருக்கு. அது அங்க எப்படித் திறக்கும்?"

"திறக்கும்னுதான் நினைக்கிறேன் அக்கா."

"நினைக்கிறியா? அப்ப நீயே தலைவரா இரு. மோர்ப் பானைய நாளைக்கே உன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

பானைக்குப் பயந்து யுகேந்திரன் வெப்சைட் கம்பெனிக்குப் போன் செய்து, விண்டோஸுக்கு மாற்றச் சொன்னான். அவர்களும் மாற்றினார்கள். மாற்றும்போது பழையதைத் துடைத்துவிடுவோம் என்று அவர்கள் சொன்ன சமயம், அவன் ஜன்னல் வழியே ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மயில் எங்க அண்ணே?" என்று தயாளன் வந்து நின்றான். நடந்ததைக் கேட்டதும், அன்று முதல் யுகேந்திரனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

இதற்கிடையில் காமினியிடமிருந்து செய்தி மேல் செய்தி. புதன்கிழமை, "முடிவு பண்ணிட்டீங்களா? போன் பண்ணுங்களேன்." யுகேந்திரன் போனைக் கவிழ்த்து வைத்தான். வியாழக்கிழமை, "இன்னிக்கு ஓவர்டைம் இல்ல, ஆறு மணிக்கு மேல ஃப்ரீதான்." விடை எழுத ஆறு மணிவரைதான் நேரம் என்று அவன் புரிந்துகொண்டான். ஐந்தே முக்காலுக்கே போனை அணைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் மழை பெய்தபோது அவன் ஒரு கனவு கண்டிருந்தான். கடலோரத்தில் ஒரு சின்ன வீடு. வாசலில் தயாளனின் மயில் நிற்கிறது. கதவைத் திறந்தால் காமினி, ஈரக் கூந்தலோடு, கையில் மோர். வாங்கப் போனால் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எது?" என்று கேட்கிறாள். எவ்வளவு சுகமான கனவு, அதிலும் கேள்வித்தாள்.

விழித்தவனுக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன? மோர் ஊற்றுகிறவர்கள் லினக்ஸில் பதியட்டும், சமைக்கிறவர்கள் விண்டோஸில் பதியட்டும். தயாளனும் சமாதானம், குமுதா அக்காவும் சமாதானம். வெள்ளிக்கிழமை காலை வெப்சைட் கம்பெனிப் பெண்ணிடம் சொன்னான்.

"செய்யலாம் சார். ஆனா வெப்சைட் பேரு ஒண்ணுதானே? அதத் தட்டுனா எந்த வீட்டுக்குப் போகணும்? லினக்ஸா, விண்டோஸா?"

சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லைக்கே வந்தாயிற்று.

மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, மாலையில் பினாங்கு ஸ்திரீட் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில் பூக்கடை வைத்திருக்கும் மோகனா அக்காவிடம் போனான். தூணோரம் குட்டிப் பிள்ளையார். கல்யாணமா, வீடு வாங்குவதா, எதுவானாலும் அங்கே பூ போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிக் காகிதத்தில் மடங்கிக் கிடக்கும். கையில் வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது.

"என்ன கேக்கணும் தம்பி?"

"வெள்ளை வந்தா லினக்ஸ், சிவப்பு வந்தா விண்டோஸ்."

"பொண்ணுங்க பேரா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர்."

மோகனா அக்கா அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்து, பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். மல்லிகை வாசனையும் சாம்பிராணியும் தெருப்பாட்டும் கலந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயின. ஒரு கணம் அவன் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்தான். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

வெள்ளை.

ஐந்து நாள் பாரம் இறங்கிவிட்டது. இனி தைரியமாகப் போன் செய்து "லினக்ஸ்" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்டால்? அதற்குத் தயாளனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் வாங்கிக்கொள்ளலாம்.

"உங்க பந்தல்ல இருக்கே காமினிப் பொண்ணு, அதுவும் தினம் வேல விட்டு வந்து இங்க பூ போட்டுப் பாக்குது," என்றார் மோகனா அக்கா, காகிதங்களை மடித்துக்கொண்டே.

முந்நூறு சர்வர் மேய்க்கிறவளுக்கே விடை தெரியவில்லையா?

"அவங்களுக்கு என்னக்கா வந்துச்சு? லினக்ஸா, விண்டோஸா?"

"அதெல்லாம் அது கேக்கலப்பா. 'யுகேந்திரன் இன்னிக்காவது போன் பண்ணுவாரா'ன்னு கேக்குது. நாலு நாளா சிவப்புதான் வருது."