பார்த்த மாத்திரத்தில் மாத்திரை

வாசகரே, மனிதர்களில் ஒரு வகை உண்டு. உங்களைப் பார்ப்பதற்காக அல்ல, உங்களுக்குள் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதற்காகவே உங்கள் முகத்தை ஏறிட்டு நோக்குகிறவர்கள். பேருந்தில் கொட்டாவி விட்டீர்களானால் ரத்தத்தில் இரும்பு குறைவு. வாயை மூடிக்கொண்டால் தைராய்டு. 'நீங்கள் டாக்டருக்கு எங்கே படித்தீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நரம்புத் தளர்ச்சி என்று முடிவாகிவிடும்.

நானறிந்தவரை இந்த இனத்தின் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருப்பவர் என் நண்பனின் பெரியப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூடிய பெட்டிக்குள் நாலு பேரோடு நெருக்கியடித்து நின்று நின்று, அடுத்தவர் மூக்கை அரையடி தூரத்திலிருந்து ஆராயும் பழக்கம் வந்துவிட்டதோ என்னவோ.

நண்பனின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இடது கண்ணைச் சுற்றிக் கன்னம் வரை, நீலமும் சாம்பலும் கலந்த பிறவி மச்சம் ஒன்று உண்டு. அந்தக் கண்ணின் வெள்ளையிலும் மை கரைந்தாற்போல ஒரு சாயல். அப்படி ஒன்று இருப்பதையே அவள் பாதி நாள் மறந்துவிடுவாள். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன பெரியப்பா அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா இது? இவன் அடிச்சானா?"

நண்பனோ, கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"இல்ல பெரிய மாமா, பொறக்கும்போதே இருந்துச்சு."

"பொறக்கும்போதே அடிச்சிட்டானா!"

அன்று மாலைக்குள் அவர் கணிப்பில் நோய் கல்லீரலுக்கு இறங்கியது. மறுநாள் காலை கண்ணின் வெள்ளையையும் உற்றுப் பார்த்துவிட்டு இறுதித் தீர்ப்பை அறிவித்தார். "போன் வெளிச்சம்மா. அதுல இருக்கிற நீலம் கண்ணுக்குள்ள எறங்கி, நிறைஞ்சு, இப்ப கன்னத்துல கசியுது." சிகிச்சை? உருளைக்கிழங்கு. நறுக்கித் தேய்க்க வேண்டியது. பிறகு எலுமிச்சை. பிறகு இரண்டும் சேர்ந்து. மச்சம் அசையவில்லை, கன்னம்தான் சிவந்து எரிந்தது. "பார்த்தியா, நீலம் செவப்பாயிடுச்சு. பாதிக் குணம்!" என்றார். பெரியவர் மனம் நோகக்கூடாதே என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். இந்த இனம் தழைப்பதே இப்படிப்பட்ட நல்லவர்களால்தான்.

அப்படியே போயிருக்கும். ஆனால் அவள் கடைக்குக் கண்ணின் உள் அழுத்தத்தை அளக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வந்தது. கண் பரிசோதிப்பவர் ஒத்திகைக்காகக் கடை ஆட்களையே உட்காரவைத்துப் பார்த்தார். அவள் இடது கண்ணுக்கு வந்ததும் மறுபடி அளந்தார். இன்னொரு முறையும் அளந்தார்.

"நீங்க உடனே டாக்டரைப் பாருங்க," என்றார்.

கண் மருத்துவமனைக்கு நண்பன், அவள், நான், அழைக்காமலே பெரியப்பா. அவள் டோக்கனை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா பக்கத்திலிருந்தவரின் இமைக் கட்டியில் ஆரம்பித்தார். அவர் முடிந்ததும் அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் காத்திருப்போர் எல்லாரும் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிடுகிறாள், போக ஆளில்லை. "இருங்கம்மா, இங்க பார்த்துட்டு வர்றோம்," என்கிறார் ஒருவர். கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சும்மா இருந்த ஒரே ஆள் அவள்தான். அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். நாங்களும் பின்னால் போனோம்.

டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "இதுக்குப் பேரு ஓட்டா மச்சம்," என்றார்.

"ஓட்டா?" பெரியப்பா தொடையைத் தட்டினார். "சந்தேகமேயில்ல! ஓட்டுப் போட்ட கையோட மூஞ்சியைத் தேய்ச்சிருக்கா. அந்த மை லேசுல போகாது டாக்டர்!"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "ஓட்டாங்கிறது இதைப் பத்தி எழுதின ஜப்பான் டாக்டர் பேரு. நிறம் குடுக்குற செல்லுங்க தோலுக்கு அடியில ஆழத்துல தங்கிடுச்சு. அதனாலதான் நீலமாத் தெரியுது. மேல எதைத் தேய்ச்சாலும் போகாது. லேசர் வெச்சா வெளுக்கும். இடைவெளி விட்டுப் பல தடவை வரணும்."

"முகம் இருக்கட்டும் டாக்டர்." அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "கண்ணு போயிடுமா?"

எல்லாரும் டாக்டரம்மாவின் வாயையே பார்த்தோம். நம்புங்கள், பெரியப்பாகூட.

"இந்த மச்சம் உள்ளவங்கள்ல சில பேருக்குக் கண் அழுத்தம் ஏறும். விட்டிருந்தா பார்வை நரம்பைத் தின்னுருக்கும். நல்ல வேளை, வந்துட்டீங்க. சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது."

அவள் அங்கேயே அழுதாள். நண்பன் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், தன் சட்டை நுனியை நீட்டினான்.

சொட்டு மருந்தில் அழுத்தம் இறங்கியது. லேசரை அவளே நிதானமாக யோசித்துத்தான் செய்துகொண்டாள். ஒவ்வொரு முறையும் கண்ணில் ஒளி படாமலிருக்க இமைக்குள் உலோகக் கவசம் வைத்து, மச்சத்தை லேசரால் சுட்டார்கள். கன்னத்து நீலம் மெல்ல வெளுத்தது. கண் வெள்ளையின் நீலத்துக்கு லேசர் கிடையாது. அது அப்படியே இருக்கிறது. "அது இருக்கட்டும், என்னோடதுதானே," என்கிறாள்.

பெரியப்பா திருந்தினாரா? நன்றாகக் கேட்டீர்கள். இப்போது ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஓட்டாதான். கன்னத்தில் பெயின்ட் அப்பியிருந்த ஒரு பெயின்டரைப் பிடித்து, "ஓட்டா! உடனே கண் அழுத்தம் பாரு!" என்று மிரட்டி அனுப்பினார். பெயின்டருக்கு அழுத்தம் சரியாக இருந்தது, பார்வைதான் மோசம். நண்பன் மனைவியின் கடையிலேயே கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, அதுவரை தான் பூசிய சுவர்களைப் போய்ப் பார்த்து வருந்தினார். கடைக்காரர் மகிழ்ந்துபோய்ப் பெரியப்பாவுக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண்ணின் மச்சத்தைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தபோது, 'கொஞ்சம் தேன் தடவிப் பார்த்திருக்கலாமே' என்று உங்களுக்கு ஒரு கணமாவது தோன்றவில்லை?

அதை வெளியே சொல்லாதீர்கள். முற்றிய நிலையில் இருக்கிறீர்கள்.