சுருங்கிப் போன டிவி

எதிர்வீட்டுப் பல் டாக்டர் சுவரை அடைத்து ஒரு டிவி வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து பிரேம்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரார் போட்டோக்களுக்குக் கண்ணாடியும் பிரேமும் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற மனிதர் அவர். அவர் வீட்டுச் சுவரிலும் பெரிய டிவிதான் தொங்கியது. ஆனால் டாக்டர் வீட்டு டிவியில் தெரிகிற மூக்கும் இவர் வீட்டு டிவியில் தெரிகிற முகமும் ஒரே அளவு. அதுதான் பொறுக்கவில்லை.

பொறாமை மட்டும் இருந்தால் பரவாயில்லை. வாயும் இருந்தது. "ஞாயித்துக்கிழமை பைனல் மேட்சுக்கு எங்க வீட்டுக்கு வாங்க டாக்டர். உங்களுதைவிடப் பெருசா ஒண்ணு வருது" என்று டாக்டரிடம் அளந்துவிட்டு வந்துவிட்டார். வரப்போவது மனைவிக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குள் அவளுக்குத் தெரியாமல் வந்தது இதுவரை கொசு மட்டும்தான்.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தத் தைரியம் இருந்தால் அவர் ஏன் திட்டம் போடுகிறார்? மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து ரிமோட்டை எடுத்தார். மெனுவில் 'படத்தின் அளவு' என்ற இடத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினார். படம் நாலு பக்கமும் உள்வாங்கி, நடுவில் பரிதாபமாக நின்றது. சுற்றிலும் கறுப்புப் பட்டை. என்ன மூளை, என்ன மூளை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். கை எட்டவில்லை. தோளைத் தட்டிக்கொண்டார்.

"ஏங்க, டிவிக்கு என்னாச்சு?"

"சுருங்கிப் போச்சு."

"துணியா அது, துவைச்சா சுருங்கறதுக்கு?"

"வயசாச்சும்மா. பழைய டிவின்னா படம் நடுவுல போய் ஒடுங்கிக்கும். அப்புறம் ஒரு நாள் புள்ளியா நின்னுடும். புதுசுதான் வாங்கணும். நல்லாப் பெருசா."

அவள் டிவியைப் பார்த்தாள். ரிமோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மறுநாள் படத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கி, பக்கவாட்டில் இழுத்தும் விட்டார். சீரியல் கதாநாயகி பூசணிக்காயாக உருண்டாள்.

"பாத்தியா? கண்கொண்டு பாக்க முடியுதா?"

"நல்லாத்தானே இருக்கா? இத்தனை நாளா ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தா. இப்பதான் உடம்புல ஏதோ ஒட்டியிருக்கு."

"நான் படத்தைப் பத்திப் பேசறேன்!"

"சரி, ஒரு சந்தேகம். உங்க கடைக்கு ஒருத்தர் சின்ன போட்டோ கொண்டு வர்றார். பெரிய பிரேமா மாட்டுங்கன்னு கேக்கறார். என்ன சொல்வீங்க?"

அவருடைய தொழிலைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"மாட்டவே மாட்டேன்! படத்துக்கு ஏத்த பிரேம்தான் போடணும். சின்னப் படத்துக்குப் பெரிய பிரேம் போட்டா பாக்கறவன் சிரிப்பான்."

"நீங்க சொல்றதுதான் சரி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம். அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டாமா? மனிதர் விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தால், சுவரில் டிவியைக் காணோம். கீழே ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு குட்டி டிவி. அதில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறைந்த படம்.

"இது உன் தம்பி வீட்டு டிவி இல்ல?"

"ஆமா. வண்டியோட வந்து மாத்தி எடுத்துட்டுப் போனான். நம்ம படம்தான் சின்னதாயிடுச்சே, அவ்வளவு பெரிய டிவி எதுக்கு? படத்துக்கு ஏத்த பிரேம்தான் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் டிவி போகும். மொட்டை மாடிக்கு ஓடி மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அது கெட்டுப்போன டிவிப்பா. உனக்கு வேண்டாம். திருப்பிக் கொண்டு வந்துடு."

"கெட்டதா? ஜம்முனு இருக்கே அத்தான்! 'படத்தின் அளவு'ன்னு இருக்கும், அதுல முழுசா வைடான்னு அக்கா சொல்லித்தான் அனுப்பிச்சா. ஒரே அமுக்கு, திரை முழுக்க விரிஞ்சிடுச்சு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பல் டாக்டர் குடும்பத்தோடு வந்து நின்றார். ஸ்டூலைப் பார்த்தார். இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பரவால்ல, எல்லாரும் எங்க வீட்டுக்கே வந்துடுங்க."

பிரேம்காரர் செருப்பைத் தேடினார். மனைவி முந்திக்கொண்டாள்.

"நான் வர்றேன் டாக்டர். அவர் வரமாட்டார். பெரிய பிரேமைப் பாத்தாலே அவருக்குப் பிடிக்காது."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்பக் கிட்ட உக்காந்து பாக்காதீங்க. கண்ணு கெட்டுடும்."