பொன்னேரி ஷேர் ஆபீசில் நான் வைத்த பாடு

கற்பூரம் ஏற்றிவிட்டு ஆரம்பிக்கிற காரியம் தப்பாகப் போகாது என்று இருபது வயது வரைக்கும் மனசார நம்பினவள் நான். இப்போதும் தினமும் ஏற்றுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், செய்யப் போகிற காரியத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் புத்தி எனக்கு வந்த கதை இது.

ஏரியில் மீன்பிடிக்கிற ஊரான எங்கள் கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு பஸ்ஸில் போய் பி.காம். படித்தேன். (படித்தேன் என்பது பெரிய வார்த்தை. போய் வந்தேன்.) கடைசி வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு மாசம் வேலை பழகி, சர்டிஃபிகேட் வாங்கி வந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். வீட்டிலோ அம்மா கெடு வைத்திருந்தாள். "இந்த வருசம் பாஸ் பண்ணா சரி. இல்லன்னா ஆரம்பாக்கத்துக்காரங்க கேட்டுனு இருக்காங்க, பேசி முடிச்சிடுவேன்." அந்த சர்டிஃபிகேட்டை வாங்காமல் விடமாட்டேன் என்று கங்கையம்மன் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இடம் கிடைத்தது ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில். செல்போன் கடைக்கு மேலே ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர், மேனேஜர் பாஸ்கர் சார், அவ்வளவுதான் ஆபீஸ். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. புதிதாக ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டால் கேட்கிறவர்கள் அதிகம், இருக்கிற பங்கு கொஞ்சம். அதனால் பாம்பேயில் கம்ப்யூட்டர் குலுக்கல் போடும். விழுந்தவருக்குப் பங்கு. விழாதவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்து கத்துவார்.

அதிகம் கத்தியவர் எத்திராஜ் ஐயா. கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"இன்னாம்மா இது? நாலு தபா போட்டேன், நாலு தபாவும் நாமம். இந்த மேஸ்திரிக்கு மட்டும் ரெண்டு தபா வுழுந்துகீது. இன்னா கோல்மால் பண்றீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த கட்டட மேஸ்திரி சிரித்தார். "ஒனக்கு ராசி இல்ல எத்திராஜு. கம்பத்துல ஷாக் அடிச்சி அடிச்சி எல்லாம் எரிஞ்சி போச்சி."

அடிதடி ஆகாத குறை. எனக்கு மனசு தாங்கவில்லை. எங்கள் ஏரியில் இப்படி நடக்காது. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று கோயிலில் சீட்டு எடுத்து முறை வைத்துவிடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் பாடு என்றால் நீ வலை கட்டு, நான் கரையில் இருப்பேன். என் பாடு வரும்போது நீ கரையில் இரு. இறால் படுவதும் படாததும் அம்மன் விருப்பம். முறை மட்டும் மாறாது. இவ்வளவு சின்ன விஷயம் பாம்பேக்காரர்களுக்குத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

"நாலு தபா விழலன்னா அஞ்சாவது உங்க முறைதானேய்யா? அது எப்படி மாறும்?" என்றேன்.

"நெஜமாவா பாப்பா?"

"நெஜமா."

அந்த வாரமே பாஸ்கர் சார் மச்சான் கல்யாணத்துக்குக் கிளம்பினார். "புது வெளியீடு ஒண்ணு வருது. எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லு. ஆபீஸ் உன் பொறுப்பு" என்றார். கடைசி மூன்று வார்த்தைகள் மட்டும் என் காதில் நன்றாக விழுந்தன.

மறுநாள் காலையில் வாடிக்கைக்காரர்கள் நாற்பத்தொரு பேரையும் சீட்டில் எழுதிச் சுருட்டினேன். சார் மேஜையில் இருந்த பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன். கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு வெளியீட்டுக்கு நாலு பேர் என்று முறை வைத்து, பெரிய சார்ட்டில் எழுதி, கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். (முதல் பேர் எத்திராஜ் ஐயாவுடையது. அதற்கு மட்டும் சீட்டு எடுக்கவில்லை. வாக்கு கொடுத்துவிட்டேனே!)

அப்புறம் எல்லோருக்கும் போன். "உங்க முறை மூணாவது வெளியீட்டுல வருது. இப்ப போட்டீங்கன்னா அடுத்தவர் பாடு அன்னிக்கு வலை கட்டின மாதிரி. பாவம்."

ஆச்சரியம் என்னவென்றால் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. மேஸ்திரி மட்டும் நேரில் வந்து சார்ட்டைப் படித்தார். "ஒழுங்குனு ஒண்ணு இருந்தா நான் கட்டுப்படுவேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்கர் சார் திரும்பி வந்த அன்று ஹெட் ஆபீசிலிருந்து போன். நாற்பது படிவம் போகவேண்டிய இடத்தில் நாலு போயிருந்தது. அவர் சார்ட்டு முன்னால் நின்று, முழுசாகப் படித்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"இது இன்னாம்மா?"

"பாடு, சார்."

"பாம்பே கம்ப்யூட்டருக்கு உன் பாடு தெரியுமா?"

"முறைன்னா எல்லாருக்கும் தெரியும் சார்."

"ரிசல்ட் வரட்டும். அப்புறம் சர்டிஃபிகேட்டப் பத்திப் பேசலாம்."

ரிசல்ட் வந்தது. நாலு பேரில் ஒருவருக்கும் விழவில்லை. எத்திராஜ் ஐயா கையில் மைசூர்பாகு டப்பாவோடு படியேறி வந்தார், பாவம். "என் பாடு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்னாலேயே மேஸ்திரி. "நான் போட்டிருந்தா வுழுந்திருக்கும். பாவம்னு சொல்லித் தடுத்துட்டியே!"

"சர்டிஃபிகேட்டா? உனக்கா?" என்றார் பாஸ்கர் சார்.

வீட்டுக்குப் போய் வலை பிரித்துக்கொண்டிருந்த நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவங்க சீட்டு எடுக்கிறாங்க, ஆனா முறை வெக்கலியா? அப்ப அது சூதும்மா."

ராத்திரி முழுக்க அழுதேன். காலையில் முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊரில் பாடு கெடுத்தவர்கள் எல்லோர் முன்னாலும் வந்து ஒப்புக்கொள்ளவேண்டும். நானும் அதையே செய்வது. மறுபடி நாற்பத்தொரு போன். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி வரைக்கும் ஆள். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தேன்.

"தப்பு என்னுது. அங்க முறையே கிடையாது. ஒருத்தருக்கு வரிசையா விழும், இன்னொருத்தருக்கு ஆயுசுக்கும் விழாமலே போகலாம். இது தெரிஞ்சி போடுறதுன்னா போடுங்க. இல்லன்னா போடாதீங்க."

மேஸ்திரி, "அட, இத இத்தினி நாளா ஒருத்தனும் எங்களுக்குச் சொல்லலியே!" என்றார். அங்கேயே கணக்கை மூடச் சொன்னவர்கள் பதினோரு பேர்.

எனக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி இருந்தது. பாஸ்கர் சார் அன்றைக்கே சர்டிஃபிகேட் அடித்து, 'மிகுந்த பொறுப்புடன் பணியாற்றினார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே எனக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னார். அம்மன் என் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். வழியை மட்டும் அவளே பார்த்துக்கொண்டாள்.

எத்திராஜ் ஐயா கணக்கை மூடவில்லை. மைசூர்பாகை எனக்கே கொடுத்துவிட்டு, சார்ட்டைக் கதவிலிருந்து பத்திரமாக உரித்துச் சுருட்டி எடுத்துப் போனார். இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார். "இந்த வருசமும் வுழல பாப்பா. ஆனா லிஸ்ட்டுல மொத பேரு என்னுதுதான?"

பாஸ் பண்ணினேன். பண்ணியும் கடைசியில் ஆரம்பாக்கத்துக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன். இரண்டு பிள்ளைகள். ஜன்னலோர சீட்டு யாருக்கு என்று அவர்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கத்துவார்: "டேய், சீக்கிரம் சமாதானமாப் போயிடுங்கடா! அம்மா கற்பூரத்த எடுத்துட்டா!"