காற்றுப்பைக் கொள்முதல் குழு

மனிதன் மிதப்பதும் மூழ்குவதும் ஆண்டவன் செயல் என்று நம்பிக்கொண்டிருந்த இருண்ட காலத்தை, சென்ற மாதம் எங்கள் பனியன் கம்பெனியின் ‘காற்றுப்பைக் கொள்முதல் குழு’ முடிவுக்குக் கொண்டுவந்தது. குழுத் தலைவர் அடியேன், பர்ச்சேஸ் மேனேஜர்.

விஷயம் இதுதான். எங்களிடம் பனியன் வாங்கும் ஜெர்மன் பையர், எங்கள் முதலாளி மகுடேஸ்வரனை அந்தமானுக்குக் கூப்பிட்டிருந்தார், கடலடியில் கிடக்கும் உடைந்த கப்பலைச் சேர்ந்து பார்க்க. இரட்டைச் சிலிண்டரோடு முங்க வேண்டும். அந்தப் பாரத்தோடு ஆளை மேலே தூக்குவது முதுகில் கட்டும் காற்றுப்பை.

புதுச்சேரிக் கடைக்காரர் போனில் கேட்டார்: “சிலிண்டர் என்ன எடை சார்? பை எத்தனை கிலோ தூக்கணும்?”

“அதெல்லாம் கெடக்கட்டுங்க. துணி கனம் எத்தனை ஜிஎஸ்எம்?” என்றேன்.

“ஒண்ணு ஓட்டையானா இன்னொண்ணு தூக்குற மாதிரி ரெட்டைப் பை இருக்கு சார். மேல தனி உறையும் உண்டு.”

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரும் குழு உறுப்பினருமான தேஜஸ்ரீ சிரித்துவிட்டார். “ஏனுங்க, ஒரு பனியனுக்கு ரெண்டு கழுத்தா வைக்கறோம்? உறைக்கு மேல எம்ப்ராய்டரி போட்டாச் சுருங்குமுங்க. ஒத்தை லேயரே போதும்.”

ஆம், எம்ப்ராய்டரி. லோகோ இல்லாமல் எங்கள் முதலாளி கடலடியில் அநாமதேயமாகத் திரிவதா? பையின் நடுவே பன்னிரண்டாயிரம் தையல். மெஷின் ஆப்பரேட்டர் சோணைமுத்து, சிவகங்கைப் பக்கத்துக்காரர், தலையைச் சொறிந்தார்.

“சார், ஊசி எறங்குனா காத்து எப்பிடி நிக்கும்?”

“சாம்பிளை முதலாளி அப்ரூவ் பண்ணியாச்சு, சோணை.”

அத்துடன் அறிவியல் அடங்கியது.

சோதனை, குண்டடம் கிராமத்தில் முதலாளியின் தோட்டத்துக் கிணற்றில். சிலிண்டர்களைச் சுமந்து வந்தவர் சோணைமுத்து. முதலாளி இறங்கினார். லோகோவின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் தனித்தனியாகக் குமிழ் கிளம்பியது. கண்கொள்ளாக் காட்சி! பிறகு லோகோ மறைந்தது. முதலாளியும் மறைந்தார். வாயிலிருந்த குழாய் மட்டும் நழுவித் தனியே ஆட, ஒரு கை மேலே வந்து அசைந்தது.

“அப்பா ஓகேங்கறாருங்களா?” என்றான் குழுவின் மூன்றாவது உறுப்பினரும் முதலாளியின் மகனுமான நித்தீஷ், செல்போனில் படம் பிடித்தபடி.

“அவரு வாயால சொல்லாம நாம எப்படி கண்ணு முடிவெடுக்கறது?” என்றேன்.

கையும் உள்ளே போயிற்று.

சோணைமுத்து சட்டையோடு குதித்தார். அடியில் பக்கிளைக் கழற்றி, ஆளை உருவி, தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து படியில் கிடத்தினார். அரைக்குடம் தண்ணீரைக் கக்கிய முதலாளி முதலில் கேட்டது: “வீடியோவுல லோகோ நல்லா உழுந்துச்சா கண்ணு?”

மறுநாள் குழு கூடி, சோணைமுத்துவுக்கு மெமோ கொடுத்தது. குற்றம்: ‘முன் அனுமதியின்றி முதலாளியின் தலைமுடியில் கை வைத்தது.’ ஒரு வாரம் சஸ்பென்ஷன்.

வாங்கிக்கொண்டு பணிவாகவே கேட்டார்: “தப்புதேன் சார். இனிமே கேட்டுட்டுக் குதிக்கிறேன். யாருகிட்ட கேக்கணும்?”

“இதென்ன கேள்வி? முதலாளிகிட்டத்தான்.”

“அவரு தண்ணிக்குள்ளல்ல சார் கெடந்தாரு?”

“மேல வரட்டும், கேட்டுக்கலாம்னுதானப்பா நாங்க மூணு பேரும் கிணத்து மேட்டுல நின்னோம்.”