"எங்க பையன்" என்று ஆரம்பித்த பேச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அத்தானும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்பாடா! முப்பத்தாறு வயதில், "இந்தப் பொண்ணு இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்" என்று உட்கார்ந்துகொண்டவன். பெண் வீட்டாரோ வேறு மொழிக்காரர்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எல்லாம் போச்சு.

அதனால் அவர்கள் வீட்டுக்குப் போய், கோர்ட்டில் மொழிபெயர்க்கும் அம்மாள் ஒருவரை நடுவில் உட்காரவைத்து, "எங்க பையன்" என்று ஆரம்பித்தேன். தங்கமானவன் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தேன்! ஆனால் உன் தம்பியைப் பற்றி உனக்குத் தெரியாதா, நடுவில் அவன் மாடிப்படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது, கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டது, மேலாளரிடம் சண்டை போட்டு வேலையை உதறியது, அப்புறம் அதே மேலாளர் வீடு தேடி வந்து கூப்பிட்டது எல்லாம் புகுந்துகொண்டன. தங்கம் வருகிற வழியைக் காணோம். அந்த அம்மாளும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? பல், கணக்கு, சண்டை என்று வந்ததை வந்தபடி அவர்களிடம் இறக்கி வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா பிஸ்கட் டப்பாவை மூடினார். என் பெண்டாட்டி தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

காப்பாற்றியது அந்தப் பெண்தான். கல்லூரியில் மொழிகளை ஆராய்கிறவள், தமிழை நம் பையனிடம் கற்றவள். "மாமா, எந்த பாஷைக்காரங்களும் சேர வேண்டிய வார்த்தைங்களைப் பக்கத்துல பக்கத்துலதான் வைக்கப் பார்ப்பாங்க. தள்ளித் தள்ளி வெச்சா கேக்கறவங்க எத்தனையைத்தான் ஞாபகம் வெச்சுக்குவாங்க? பையனையும் தங்கத்தையும் சேர்த்து வைங்க. பல்லு அப்புறம் வரட்டும்" என்றாள்.

"எங்க பையன் தங்கமானவன். உங்க பொண்ணை உள்ளங்கையில வெச்சுத் தாங்குவான்" என்றேன். அவள் அப்பா எழுந்து பேச ஆரம்பித்தார். "சம்மதம்னு சொல்றார்" என்றார் அந்த அம்மாள். போதாதா? ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன், மனசு மாறுவதற்குள் நம் வீட்டார் எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டேன். பாவம், மனிதர் வாசல் வரை ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எவ்வளவு பாசம்!

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், பேச்சை மட்டும் சுருக்கிக்கொள்ளட்டும்.

உன் தம்பி

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது அந்த அம்மாள் போன் செய்தார். அவர்கள் மொழியில் 'சம்மதம்' முதலில் வந்துவிடுமாம், நிபந்தனை பின்னால்தான் வருமாம். அதற்குள் நான்தான் கட்டிப்பிடித்துவிட்டேனாம். நிபந்தனை இதுதான்: கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா வாயைத் திறக்கக் கூடாது. "இதோ பாருங்கம்மா, நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் என் பெண்டாட்டி போனைப் பிடுங்கி, "சம்மதம்" என்றாள். பின்னால் ஒரு வார்த்தை வரவில்லை.